தாலி கட்டிய நாள், பதிவான நாள்: டர்பனில் ஒரு பி.ஆர். வழக்கு

2020 மார்ச் 11, புதன்கிழமை சாயங்காலம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். கையில் ஒரு பக்கக் கடிதம். மனைவி நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) கேட்டுப் போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. ஒரே காரணம்தான் சொல்லியிருந்தார்கள்: விண்ணப்பித்த நாளில் திருமணமாகி ஐந்து வருடம் நிறையவில்லை.

"எனக்குக் கல்யாணமாகி ஆறே முக்கால் வருஷம் ஆகுது அக்கா. விண்ணப்பம் போட்டப்பவே அஞ்சு வருஷம் முடிஞ்சிருந்தது. பின்ன எப்படி இப்படி எழுதுறாங்க?" என்று கேட்டார் அந்தப் பெண்.

நான் வழக்கறிஞர் இல்லை. டர்பனில் குடிவரவு வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் காகித வேலை பார்ப்பவள். இங்கே பிறந்த தமிழர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் தமிழ்நாட்டுச் சான்றிதழ் உள்ள கோப்பு எதுவானாலும் என் மேசைக்கு வந்துவிடும். இந்தக் கோப்பைப் பற்றி எழுத அவர்கள் இருவருமே சம்மதம் தந்தார்கள். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணம் முடித்து இங்கே வரும் பெண்களில் பலர் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அதனால்தான் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

இரண்டு தேதிகள்

கணவர் சாட்ஸ்வொர்த்தில் மின்வேலை செய்பவர், பிறப்பால் தென்னாப்பிரிக்கக் குடிமகன். அவருடைய கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அவருடைய கப்பல் எண்ணை அந்தக் குடும்பம் இன்னும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறது. பூர்வீக ஊரைப் பார்க்கப் போன இடத்தில் ஒரு தூரத்து உறவின் வழியாக ஆரணியில் பெண் அமைந்தது. 2013 ஜூன் கடைசியில், ஊருக்குப் பக்கத்து முருகன் கோயிலில் கல்யாணம்.

அவருக்கு மூன்று வாரம்தான் விடுப்பு. மறுவீடு, விருந்து என்று அதுவும் ஓடிவிட்டது. திருமணத்தைப் பதிவு செய்ய நேரம் இல்லாமலே விமானம் ஏறிவிட்டார். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணம் கட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். அந்தக் கெடுவும் தாண்டிப் போனது. தென்னாப்பிரிக்க விசாவுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று தெரிந்த பிறகு, 2014 நவம்பரில் அவர் மறுபடி ஊருக்குப் போனார். 1955 இந்து திருமணச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு முடிந்தது. 2015 பிப்ரவரியில் மனைவி டர்பன் வந்து சேர்ந்தார்.

கடிதத்தை வைத்துவிட்டு அவர்கள் கோப்பைப் புரட்டினேன். பதிவுச் சான்றிதழில் இரண்டு தேதிகள் இருக்கின்றன. திருமணம் நடந்த தேதி உள்ளே ஒரு கட்டத்தில், கையெழுத்தில், மங்கலாக. பதிவான தேதி கீழே முத்திரைக்குப் பக்கத்தில், பளிச்சென்று. 2018 ஆகஸ்டில் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்த முகவர், 'திருமணத் தேதி' என்ற கட்டத்தில் அந்தப் பளிச்சென்ற தேதியை எழுதிவிட்டார்: 2014 நவம்பர். ஐந்து வருடம் ஆகிவிட்டதா என்று கேட்டபோது மட்டும் இவர்கள் வாயால் சொன்ன 2013ஐ வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். தாளில் ஒரு கணக்கு, பேச்சில் இன்னொரு கணக்கு. தாளை மட்டுமே பார்க்கும் அலுவலருக்கு அது மூன்றே முக்கால் வருடத் திருமணம். அவர் அப்படி எழுதியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

எதற்கு ஐந்து வருடம்

தென்னாப்பிரிக்கக் குடிவரவுச் சட்டம் 2002ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டம். தற்காலிக விசாவிலிருந்து பி.ஆருக்குப் போக அதில் பல வாசல்கள் உண்டு. வேலை விசாவில் ஐந்து வருடம் இருந்து, நிரந்தர வேலைக்கான கடிதமும் வைத்திருப்பவருக்குப் பிரிவு 26(அ). குடிமகன் அல்லது நிரந்தரவாசியின் துணைக்குப் பிரிவு 26(ஆ). அரிய திறன், தொழில் முதலீடு, ஓய்வூதியம், நெருங்கிய உறவு ஆகியவற்றுக்குப் பிரிவு 27இன் உட்பிரிவுகள். வேலை விசா பக்கம் 2024 அக்டோபரில் புள்ளி முறை வந்து நிறைய மாறியிருக்கிறது, அது தனிக் கதை.

துணைக்கான வாசலில் சட்டம் கேட்பது இவ்வளவுதான்: ஐந்து வருடமாகக் குடிமகனின் துணையாக இருந்திருக்க வேண்டும், அந்த உறவு மெய்யான உறவாக இருக்க வேண்டும். ஐந்து வருடம் தென்னாப்பிரிக்காவில் குடியிருந்திருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. இதை நான் வாரத்துக்கு ஒருமுறையாவது யாருக்காவது சொல்கிறேன். இந்தப் பெண் விண்ணப்பித்தபோது டர்பனில் இருந்தது மூன்றரை வருடம்தான். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. கல்யாணமாகி ஆரணியில் அம்மா வீட்டில் காத்திருந்த மாதங்களும் மனைவியாக இருந்த மாதங்கள்தான்.

இன்னொரு விதி இதைவிட முக்கியம், அதிகம் பேருக்குத் தெரியாதது. துணை விசா பிரிவு 11(6)இன் கீழ் வருகிறது. அதை வைத்திருப்பவர் பி.ஆருக்குத் தகுதி பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விசாவை மட்டும் புதுப்பித்துக்கொண்டே போவது சட்டத்தின் நோக்கமே இல்லை. 2013 ஜூனிலிருந்து எண்ணினால் 2018 ஜூனில் ஐந்து வருடம். ஆகஸ்டில் விண்ணப்பம். நேரம் சரியாகத்தான் இருந்தது.

ஆக, வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நின்றது. இந்தத் திருமணம் எந்த நாளில் திருமணமானது?

விடை இந்தியச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு திருமணம் எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டுச் சட்டப்படி செல்லுமானால், பொதுவாகத் தென்னாப்பிரிக்காவும் அதை ஏற்கும். இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 7, வழக்கமான சடங்குகளோடு திருமணம் முடிந்துவிடுகிறது என்கிறது. தமிழ்நாட்டுக்காகவே 1967இல் சேர்த்த பிரிவு 7அ, புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கும் அதே தகுதியைத் தருகிறது. பிரிவு 8(5) இன்னும் தெளிவு: பதிவு செய்யாமல் விட்டதால் திருமணத்தின் செல்லுபடி எந்த விதத்திலும் பாதிக்கப்படாது. ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்றுக்கு வைக்கும் சாட்சி, அவ்வளவே பதிவு. தாலி கட்டிய நாளிலேயே இவர் மனைவி.

டர்பனில் நடக்கும் கோயில் கல்யாணத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இங்கே 1961 திருமணச் சட்டப்படி அதிகாரம் பெற்ற திருமண அலுவலர் நடத்தி வைத்தால்தான் அது சட்டத் திருமணம். குருக்களுக்கு அந்த அதிகாரம் இல்லையென்றால், அக்கினி சாட்சியாக நடந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது 'நிரந்தர உறவு' என்ற வேறு வகைக்குள் போய்விடும். அதற்கு வேறு பத்திரங்கள், வேறு சான்றுகள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1860 நவம்பர் 16இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிப் போ, இல்லையென்றால் மறுபடி ஒப்பந்தம் எழுது, இரண்டும் முடியாதென்றால் வருடம் மூன்று பவுண்டு வரி கட்டு என்று 1895இல், டர்பன் அப்போது இருந்த நேட்டால் காலனி சட்டம் போட்டது. மாதம் பத்து ஷில்லிங்கில் வேலை தொடங்கியவனுக்கு அது ஆறு மாதக் கூலி. தங்கியிருப்பதற்குக் கொடுத்த விலை அது. 1913 மார்ச்சில் கேப்டவுன் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்தை அனுமதிக்கும் மத முறைப்படி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்காது என்றார். இந்தியாவிலிருந்து கணவனிடம் வந்த ஒரு முஸ்லிம் மனைவியை உள்ளே விடாத வழக்கு அது. நம் அம்மாக்கள், பாட்டிகள் எல்லாரும் ஒரே நாளில் சட்டப்படி மனைவி இல்லை என்றாகிவிட்டது. காந்தியின் சத்தியாகிரகத்தில் சேர்ந்து பெண்கள் சிறைக்குப் போனதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம். சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் இறந்தபோது அவளுக்கு வயது பதினாறு. அந்த வருடமே வந்த சட்டம் மூன்று பவுண்டு வரியையும் நீக்கியது, நம் முறைத் திருமணத்துக்கும் ஓரளவு அங்கீகாரம் தந்தது. அப்படியும், இந்தியர்கள் இந்நாட்டின் நிரந்தர மக்கள் என்று அரசு ஒப்புக்கொள்ள 1961 ஆனது. இந்தக் கணவரின் கொள்ளுத்தாத்தா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

பத்து வேலை நாள்

"புதுசா ஒண்ணு போட்டுடலாம் ஆன்ட்டி. இப்ப எந்தத் தேதியை வச்சு எண்ணுனாலும் அஞ்சு வருஷம் தாண்டியாச்சே" என்றார் கணவர்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 2014 நவம்பரிலிருந்து எண்ணினாலும் 2019 நவம்பரில் ஐந்து வருடம் முடிந்துவிட்டது. மேல்முறையீடு என்றால் இழுக்கும் என்ற பயமும் அவருக்கு இருந்தது. எங்கள் வழக்கறிஞர் ஒத்துக்கொள்ளவில்லை. புது விண்ணப்பம் போட்டால், முதல் விண்ணப்பம் அவசரப்பட்டுப் போட்டது என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். காத்திருந்த ஒன்றரை வருடமும் வீண். காவல்துறைச் சான்றுக்கு ஆறு மாதம்தான் ஆயுள், இந்தியாவிலும் இங்கேயும் மறுபடி எடுக்க வேண்டும். மருத்துவச் சான்றும் மறுபடி. இருக்கும் விண்ணப்பத்திலேயே தேதியைத் திருத்தக் கேட்பதுதான் வழி என்றார்.

சட்டத்தின் பிரிவு 8, முடிவு கைக்கு வந்ததிலிருந்து பத்து வேலை நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும் என்கிறது. அங்கேயும் மறுத்தால் அமைச்சரிடம் போக மறுபடி பத்து வேலை நாள். கடிதம் மார்ச் 5 வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டு வாங்கியது. அப்படியென்றால் மார்ச் 19 கடைசி நாள். கடிதத்தை வைத்துக்கொண்டு அழுவதும் தெரிந்தவர்களிடம் கேட்பதுமாக நான்கு வேலை நாள் போயிருந்தது. மிச்சம் ஆறு.

அந்த ஆறு நாளும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு மாலை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். மாமியார் பீரோவிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து வைத்தார். உள்ளே கல்யாணப் பத்திரிகை, நான்கு மூலையிலும் மஞ்சள். 'நிகழும் மங்களகரமான விஜய வருடம் ஆனி மாதம்' என்று தொடங்கி, அதன் கீழேயே ஆங்கிலத் தேதி, கிழமை, முகூர்த்த நேரம். அதன் மடிப்புக்குள் கோயில் அலுவலகம் தந்த ரசீது: திருமணக் கட்டணம், மணமக்கள் இருவர் பெயர், தேதி, வரிசை எண். குங்குமம் பட்டு ஓரம் சிவந்திருந்தது. மாமியாருக்குத் தமிழ் படிக்க வராது. ஏழு வருடம் அந்தச் சின்னச் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். "சாமி ரசீது, எறியக்கூடாதுன்னு வச்சேன்" என்றார். அந்தக் கோப்பில் அதைவிடப் பெரிய சாட்சி வேறு எதுவும் இருக்கவில்லை. கோயிலே கொடுத்தது, அதே நாளில் கொடுத்தது, யாரும் பின்னால் உட்கார்ந்து எழுதியதில்லை.

கணவரின் பழைய பாஸ்போர்ட்டில் 2013 ஜூனில் சென்னையில் இறங்கிய முத்திரையும் ஜூலையில் கிளம்பிய முத்திரையும் இருந்தன. பிரிந்திருந்த ஒன்றரை வருடத்துக்கு அவர் மாதாமாதம் ஆரணிக்கு அனுப்பிய பணத்தின் சீட்டுகள் கிடைத்தன. தமிழ்த் தாள்களை நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர்தான் ஆங்கிலத்தில் தர வேண்டும். தமிழுக்கு அப்படிப்பட்டவர்கள் இங்கே மிகச் சிலர். கிடைத்தவர் நல்ல மனிதர், கறாரானவர். 'விஜய வருடம்' என்பதை விட்டுவிட மாட்டேன் என்று சொல்லி, அது தமிழ் ஆண்டுப் பெயர், ஏப்ரல் நடுவில் தொடங்குவது என்று அடிக்குறிப்போடு எழுதித் தந்தார். அப்புறம் இந்து திருமணச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளின் நகல், பதிவுச் சான்றிதழில் அந்த மங்கலான கட்டத்தைப் பெரிதாக்கி எடுத்த படி, தேதி எப்படித் தவறாக விழுந்தது என்று கணவன் மனைவி இருவரின் பிரமாணப் பத்திரம். முகவர் மேல் பழி போட்டு ஒரு பத்தி எழுதியிருந்தார்கள். வழக்கறிஞர் அதை அடித்துவிட்டார். யார் எழுதினாலும் கீழே கையெழுத்து இவர்களுடையது.

15ஆம் தேதி ஞாயிறு இரவு கோவிட் காரணமாக நாடு முழுவதும் பேரிடர் நிலை அறிவித்தார்கள். செவ்வாய் முழுக்க மூச்சுவிடாமல் தாள்களை அடுக்கினோம். 18ஆம் தேதி புதன்கிழமை காலை விசா மையத்தில் மறுபரிசீலனை மனு ஏறியது. 26ஆம் தேதி நள்ளிரவில் ஊரடங்கு.

பின்னால் நடந்ததை அன்று யாரும் கணித்திருக்க முடியாது. அந்த மார்ச்சில் நின்றுபோன புது பி.ஆர். விண்ணப்பங்களை வாங்கும் வேலை 2022 ஜனவரி 1ஆம் தேதிதான் மறுபடி தொடங்கியது. அந்த நாளில் இவர்கள் புது விண்ணப்பம் என்று முடிவெடுத்திருந்தால், சான்றுகளைச் சேர்த்து முடிப்பதற்குள் வாசல் சாத்தியிருக்கும்.

நடுவில் நின்ற காலம்

பி.ஆர். விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பது ஒருவருக்கு இந்த நாட்டில் இருக்கும் உரிமையைத் தராது. தற்காலிக விசா தனியாக உயிரோடு இருக்க வேண்டும். அதைப் புதுப்பிக்க, முடிவதற்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விசா முடிந்தபின் தங்கிவிட்டு வெளியே போனால், 30 நாளுக்குள் என்றால் ஒரு வருடமும், அதற்கு மேல் என்றால் ஐந்து வருடமும் திரும்பி வர முடியாத தடை விழும். பி.ஆர். போட்டாச்சே என்று விசாவை மறந்துவிட்டுத் தாய் சாவுக்குப் போய்த் திரும்ப முடியாமல் அங்கேயே நின்றுவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஊன்றிய கால் நழுவாமல்தான் அடுத்த காலை எடுத்து வைக்க வேண்டும்.

இந்தப் பெண்ணின் துணை விசா 2020 மே மாதம் முடிய இருந்தது. பேரிடர் காலத்தில் முடிந்த விசாக்கள் செல்லும் என்று அரசு அறிவித்து, அதை ஜூலை 31, அக்டோபர் 31, அடுத்த ஜனவரி 31 என்று தள்ளிக்கொண்டே போனது. சட்டத்தில் அவர் பத்திரமாக இருந்தார். ஆனால் வங்கிக் கணினிக்கு அரசிதழ் தெரியாது. விசா தேதி தாண்டியதும் அவர் கணக்கை முடக்கிவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மளிகைக் கடையில் அட்டை வேலை செய்யவில்லை. அரிசியையும் பால்பொடியையும் காசாளரிடமே வைத்துவிட்டுக் குழந்தையோடு வெளியே வந்து எனக்குப் போன் செய்தார். பேச்சே வரவில்லை அவருக்கு. அரசிதழ் நகலோடு கணவர் மூன்று முறை வங்கிக்கு நடந்தபிறகுதான் கணக்குத் திறந்தது.

வேலையும் அப்படித்தான். துணை விசாவில் வேலை செய்ய வேண்டுமென்றால் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி குறிப்பிட்ட வேலைக்கே கட்டுப்பட்டது. கணக்கில் பட்டம் பெற்றவர் ஒரு சின்னப் பாலர் பள்ளியில் வேலைக்குப் போனார். ஊரடங்கில் பள்ளி மூடியது, வேலையோடு அனுமதியும் பயனில்லாமல் போனது. இன்னொரு இடத்தில் கூப்பிட்டார்கள், போக முடியவில்லை. தற்காலிகம் என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன என்று என்னைக் கேட்டால், இந்த இரண்டு வருடத்தைத்தான் காட்டுவேன்.

2022 தொடக்கத்தில் நேர்காணல். கணவனையும் மனைவியையும் ஒரே நேரத்தில் தனித்தனி அறையில் வைத்துக் கேட்டார்கள். விதிமுறையில் உள்ளதுதான். வாடகையா சொந்த வீடா, குழந்தைக்குத் தடுப்பூசி எங்கே போட்டீர்கள், கடைசியாக வீட்டில் என்ன விசேஷம் என்று கேள்விகள். இருவரும் ஆடி மாதக் கஞ்சியைச் சொல்லியிருக்கிறார்கள். மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுவதை இங்கே 'பாரிஜ் பிரேயர்' என்பார்கள். கஞ்சி காய்ச்சியது யார் என்று அடுத்த கேள்வி. "என் அம்மா காய்ச்சினாங்க, என் மனைவி அதுல வெங்காயம் போடச் சொன்னா, அம்மா விடல" என்றாராம் கணவர். அடுத்த அறையில் மனைவி சொன்னதும் அதேதான். ஒத்திகை பார்த்துக்கொண்டு போகாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

கையில் வந்தது

2022 செப்டம்பரில் அனுமதி வந்தது. மறுபரிசீலனை முடிவில் திருமண நாள் 2013 ஜூன் என்று திருத்தப்பட்டிருந்தது. அதை வைத்து, 'குடிமகன் அல்லாதவர்' என்று அச்சிட்ட பச்சை அடையாளப் புத்தகம் வாங்கினார். அடுத்த மாதமே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

சட்டத்தின் பிரிவு 25 நிரந்தரவாசிக்குக் குடிமகனின் உரிமைகளையெல்லாம் தருகிறது, குடிமக்களுக்கே என்று ஒதுக்கிய வாக்குரிமை போன்றவை நீங்கலாக. அரசின் முதியோர் உதவித்தொகையும் குழந்தை உதவித்தொகையும் நிரந்தரவாசிகளுக்கும் உண்டு என்பது 2004இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் முடிவானது. அந்த வழக்கைப் போட்டவர்கள் மொசாம்பிக்கிலிருந்து வந்து கிராமத்தில் குடியிருந்த ஏழைகள். நாம் இன்று அனுபவிப்பதில் அவர்கள் பாடும் இருக்கிறது.

ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. பிரிவு 26(ஆ)வில் வாங்கிய பி.ஆர்., கொடுத்த இரண்டு வருடத்துக்குள் அந்த மண உறவு முறிந்தால் காலாவதியாகிவிடும். துணை இறந்துபோனால் மட்டும் விலக்கு. அதற்கு முந்தைய துணை விசாவும் உறவு இருக்கும்வரைதான். அடி உதை வாங்கிக்கொண்டு, வாயைத் திறந்தால் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு செய்தி: உறவு முறிந்தாலும், தென்னாப்பிரிக்கக் குடிமக்களான குழந்தைகளை வளர்க்கும் தாயையோ தந்தையையோ அந்த ஒரே காரணத்துக்காக வெளியே அனுப்பக்கூடாது என்று 2023 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நேராக ஒரு வழக்கறிஞரிடம் போங்கள், முகவரிடம் போகாதீர்கள். பாஸ்போர்ட்டையும் குழந்தையின் பிறப்புச் சான்றையும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குடும்பத்தில் அந்தக் கவலை இல்லை. இரண்டு வருடம் 2024 செப்டம்பரோடு முடிந்தது. குடியுரிமை வாங்கலாமா என்று அதன்பின் ஒருநாள் அந்தப் பெண் வந்து கேட்டார். பி.ஆர். வாங்கிச் சில வருடம் ஆக வேண்டும், அப்போதும் இந்தியப் பாஸ்போர்ட்டை விட வேண்டியிருக்கும், இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அம்மா ஆரணியில தனியா இருக்காங்க அக்கா. ஒரு வருஷம் போய்க் கூட இருந்தா இது போயிடுமா?" என்றார்.

போகாது. தொடர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால்தான் பி.ஆரைத் திரும்பப் பெறலாம், நடுவில் ஒருமுறை வந்து தங்கினாலும் அந்தக் கணக்கு அறுபடும். அதைச் சொன்னதும் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, அன்றைய தேதியைப் போட்டு எழுதிக்கொண்டார். இப்போதெல்லாம் எந்தத் தேதியையும் அவர் மனதில் மட்டும் வைத்துக்கொள்வதில்லை.